எல்லா உயிருக்கும் தீனி

— அனைவரும் கவனிக்க! இன்று கோத்தன்பர்க் நகரில், உயிரினங்களுக்குத் தீனி போடும் வரலாறு இரண்டாகப் பிரிகிறது!

— அனைவரும்னா நான் ஒருத்திதானே இருக்கேன், டோர்கெல்? மத்தவங்க காபி குடிக்க ஃபீகாவுக்குப் போயாச்சு. ஏலக்காய் பன் ஆறிடும், வா.

— பன் கிடக்கட்டும் யில்வா. இங்கே பாரு. புரோகிராம்ல ‘பிராணி’ன்னு ஒரு டைப் கிளாஸ், ஒரு சங்கம் மாதிரி. இதுல சேர வர்றவன் எப்படி ஊட்டறதுன்னு சொன்னா மட்டும் பத்தாது, தன் தீனி எந்த வகைன்னும் சொல்லியாகணும். நாயோட இன்ஸ்டன்ஸுக்குள்ளேயே, அதாவது நாய்க்கான பதிவுக்குள்ளேயே, நாய்த்தீனி. முயலோடதுக்குள்ளே முயல்தீனி.

— நாம எழுதற ஹாஸ்கல் மொழியில அதுக்கு அசோசியேட்டட் டைப்னு பேரு. வரலாற்றை எதுக்கு இழுக்கறே?

— நாய்த்தீனியைப் பூனைக்கு வச்சுப் பாரேன்! புரோகிராமைச் சரிபார்க்கற கம்பைலர் கழுத்தைப் பிடிச்சுடும்!

— இப்ப யார் கழுத்தைப் பிடிச்சிருக்கு? திரை பூரா சிவப்பா இருக்கே.

— சின்ன கருத்து வேறுபாடு.

— குன்வோர் வந்துட்டிருக்காங்க. இது ஓடலைன்னா, பழைய எக்செல்லே போதும்னு கிளம்பிடுவாங்க. நமக்கு இருக்கற வாடிக்கையாளர் அவங்க ஒருத்தங்கதான். தள்ளு, பார்க்கறேன்... இந்த ‘விலை’ ஃபங்ஷன் தீனியை மட்டும் வாங்கிக்குது. யாரோட தீனின்னு சொல்லவே இல்லையே?

— தீனியைப் பார்த்தா தெரியாதா?

— எப்படித் தெரியும்? பூனைக்கும் மீன், நீர்நாய்க்கும் மீன்னு எழுதி வச்சது நீதானே. பிராணியைச் சொன்னா கம்பைலர் தீனியைக் கண்டுபிடிக்கும். தீனியைக் காட்டி, பிராணி எதுன்னு கேட்டா முழிக்கத்தான் செய்யும்.

— நீர்நாயைத் தூக்கிடறேன்.

— தூக்கினாலும் ஒத்துக்காது. நாளைக்கு எவனாவது மீன் தின்கிற இன்னொண்ணைக் கொண்டு வருவானேன்னு அதுக்குச் சந்தேகம். பேசாம, விலை கேக்கறப்போ பிராணியையும் சேர்த்துக் கொடு.

— கொடுத்தாச்சு... ஐயோ, ஓடுது! யில்வா, ஓடுது! ஒட்டகம் வரைக்கும் ஓடுது!

— உள்ளே வரலாமா? கதவு திறந்திருந்துது. நான் குன்வோர்.

— வாங்க குன்வோர்! நாளைக்கே உங்க விடுதிக்கு ஒட்டகம் வந்து நின்னாலும் தீனி மாறவே மாறாது!

— ஒட்டகமா? எங்களோடது பூனை விடுதியாச்சே. எல்லாத்துக்கும் ஒரே தீனிதான்.

— டோர்கெல், நீதானே இவங்ககிட்ட பேசினே?

— தீனிக்கு ஒரு புரோகிராம் வேணும்னாங்க. மிச்சத்தை நானே விரிவாக்கிட்டேன்.

— அது இருக்கட்டும்ப்பா. எத்தனை மூட்டை மிச்சம் இருக்குன்னு சொல்லுமில்லே? எனக்கு அது போதும்.

— அதை இன்னும் எழுதலை.