பதினொரு நிமிடத்தில் முதலிடம்

காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தேடுபொறிச் செய்திகளைப் படிப்பது என் பழக்கம். ஈறு கெட்டுவிடும் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தியை பிளோவ்திவ் நகரத்திலேயே முதலில் படித்தவன் நான்தான், மேடம். என் வாக்குமூலத்தை நீங்கள் கையால் எழுதிக்கொள்கிறீர்கள், அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

பல் மருத்துவர், டயர் கடை, கல்யாண மண்டபம் என்று யார் வந்தாலும் அவர்களுடைய இணையதளத்தைத் தேடுபொறியில் மேலே ஏற்றிவிடுவது என் தொழில். அதோடு, இதே தொழிலில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு மின்கடிதம் எழுதுகிறேன். எந்தக் கருவி புதிதாக வந்திருக்கிறது, எது இலவசம், தேடுபொறி எந்த விதியை மாற்றியது, இவைதான் அதில் இருக்கும். ஆயிரத்து நானூறு பேர் படிக்கிறார்கள். லியூபென் எழுதும் கடிதத்தை மூவாயிரம் பேர் படிக்கிறார்கள். லியூபென் ஆறு வருடம் என் கூட்டாளி. பிறகு தனியாகப் போனான். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

செவ்வாய்க்கிழமைச் செய்தி இதுதான்: இனிமேல் ஒருவரைப் பற்றிய புத்தம்புதுச் செய்தி எவ்வளவு சின்னத் தளத்தில் வந்தாலும் நிமிடக் கணக்கில் முதலிடத்துக்கு ஏறும். படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழே கடைக்குப் போய் பாலாடைக்கட்டி வைத்த பனித்சா இரண்டு வாங்கித் தின்றுவிட்டு, மூன்றாவதையும் வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் எங்கள் ஆட்கள் மாதாமாதம் கூடும் கூட்டம். நாற்பது பேர் இருந்தார்கள். நான் செய்தியைச் சொன்னேன். லியூபென் சிரித்தான்.

"ஸகாரி, இந்த மாதிரி அறிவிப்பு வருஷத்துக்கு எட்டு வருது. நீயும் எட்டு தடவை குதிக்கிற. சின்னத் தளம் நிமிஷத்துல மேல வருமா? உன் தளத்தைத் தேடுனா உனக்கே கிடைக்காதேடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்: "நாளைக்கு பிரின் மலைக்குப் போறேன். போனை அணைச்சிடுவேன். நாலு நாள் நான் இல்லைன்னே நினைச்சுக்கோங்க."

இதை அவனே சொன்னான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும். ஓரளவு தேடப்படும் பெயர் வேண்டும், மிகப் பிரபலமாகவும் இருக்கக் கூடாது. என் கருவியில் பல பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். லியூபென் பெயர் கச்சிதமாக இருந்தது. செய்தியும் சட்டென்று கிளிக் செய்ய வைப்பதாக இருக்க வேண்டும். அவன் ஒரு விருது வாங்கினான் என்று எழுதினால் யார் பார்ப்பார்கள்? ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பத்தொன்பதுக்கு, பிரின் மலைச் சரிவில் விழுந்து லியூபென் இறந்துவிட்டான் என்று, என் பெயரைப் போடாமல், என் தளத்தில் ஒரு பக்கம் வெளியிட்டேன். அழகான பக்கம். அவனுடைய நல்ல குணங்களைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருந்தேன். எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது.

எட்டு மணிக்கு முதலிடம். பதினொரு நிமிடம், மேடம். நான் நாற்காலியோடு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சின்ன வயதில்கூட அப்படிச் சுற்றியதில்லை.

எட்டு பன்னிரண்டுக்கு அவன் அப்பா மெத்தோடி தொலைபேசியில் கூப்பிட்டார். ஹாஸ்கோவோவில் தனியாக இருப்பவர், எழுபத்தாறு வயது. நாங்கள் ஒன்றாக வேலை செய்த காலத்தில், தோட்டத்துத் தக்காளியைப் பெட்டி பெட்டியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார். நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஸகாரி, தம்பி... கம்ப்யூட்டர்ல என்னமோ போட்டிருக்காங்கடா. என் பையனைப் பத்தி."

"பார்த்தேன் சித்தப்பா."

"போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். எவனோ தப்பாப் போட்டிருப்பான், இல்ல? இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு."

அந்த நேரத்தில் என் முன்னால் திரையில், பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தை எடுத்துவிட்டால் சோதனை பாதியில் நின்றுவிடும். பாதிச் சோதனையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

"முதல் இடத்துல வந்திருக்கு சித்தப்பா," என்றேன். "பொய்யா இருந்தா இவ்வளவு சீக்கிரம் முதல் இடத்துக்கு வராது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "சரிப்பா," என்று வைத்துவிட்டார்.

அதன்பின் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அச்சகத்துக்குப் போய், மகன் படத்தைப் போட்டு முப்பது அஞ்சலித் தாள் அடித்திருக்கிறார். பசை வாளியும் தூரிகையுமாகத் தெருத்தெருவாகத் தானே ஒட்டியிருக்கிறார். தன் வீட்டுக் கதவு, தேவாலய வாசல், பள்ளிக்கூடச் சுவர். ஒன்பதாவது தாளைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

பிற்பகலுக்குள் லியூபென் பெயரை நாலாயிரம் பேர் தேடிவிட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மாலையில் "லியூபென் உயிரோடு இருக்கிறார்" என்று திருத்தம் போட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அதுவும் முதலிடம், ஒன்பதே நிமிடத்தில். பெரியவர் இறந்த செய்தி தெரிந்ததும் அதையும் நானே வெளியிட்டேன். ஆறு நிமிடம். அது முழுக்க உண்மைச் செய்தி என்பதை யாரும் பாராட்டவில்லை.

ஏன் ஏழு நாற்பத்தொன்பது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். லியூபென் தளத்துக்கு யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று காட்டும் கணக்கின் கடவுச்சொல் பழைய நாட்களிலிருந்தே என்னிடம் இருந்தது. அவன் அதை மாற்றவே இல்லை. அதில் தினமும் காலை எட்டு மணிக்கு ஹாஸ்கோவோவிலிருந்து ஒரே ஒருவர் அவன் பெயரைத் தேடிக்கொண்டு வருவார். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. மகன் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க வருகிறவர் வேறு யாராக இருக்க முடியும்? புதுப் பக்கம் மேலேயே நிற்க வேண்டுமானால் உண்மையான ஆள் ஒருவர் வந்து அதைத் திறந்து, கடைசி வரி வரை படிக்க வேண்டும். அவரைவிடக் கவனமாக அதை வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவருக்காகத்தான் அந்த நேரத்துக்குப் போட்டேன். ஆமாம், தெரிந்தேதான் போட்டேன்.

லியூபென் ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கினான். ஹாஸ்கோவோ போய், சுவர்களில் இருந்த தன் படங்களைக் கிழித்துவிட்டு அதே இடங்களில் அப்பாவின் படத்தை ஒட்டினானாம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் என் அலுவலகத்துக்கு வந்தான். விரல் நகங்களில் பசை காய்ந்திருந்தது.

"அப்பா உனக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரு."

"என்ன சொன்ன?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது. அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. பாவமாக இருந்தது. என்ன இருந்தாலும் பழைய நண்பன். ஆறுதலாக இருக்கட்டும் என்று மடிக்கணினியை எடுத்துப்போய் அவன் மடியில் வைத்து, கோடு ஏறிய விதத்தைக் காட்டினேன். என் சின்னத் தளம், பதினொரு நிமிடத்தில். நாற்பது பேர் முன்னால் அவன் முடியாது என்று சொன்னது.

அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கணினியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். தோற்றதை ஒப்புக்கொள்வது அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் கஷ்டம்தான், மேடம்.