நல்ல பாப்பாவின் நிறம்

உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, ஐயா. இருபது வருஷம் வகுப்பில் நடந்துகொண்டே தமிழ் சொல்லிக்கொடுத்த கால்கள். இந்த நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்தணியில் கங்காதரன் கல் அச்சுக்கூடம் வைத்திருக்கிறார். யுத்தம் முடிந்து காகிதம் கிடைக்கத் தொடங்கியதும், குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடலாம் என்றார். பாட்டு நான் எழுதுவது, படம் நாகேந்திரன் போடுவது என்று ஏற்பாடு. நாகேந்திரன் காளஹஸ்திப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், துணியில் சாமி படம் எழுதியவர். தமிழ் எழுத்துத் தெரியாது, பேச்சும் அரைகுறை. மூங்கில் குச்சியால் தடித்த கறுப்புக் கோடு இழுப்பார். கண் பெரிதாக இருக்கும், நிழல் கிடையாது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வரைவார். ஆட்டின் காதைத் தடவிவிட்டு வந்தால் காகிதத்தில் அந்தக் காது ஆடும். அதை நான் மறுக்கவில்லை.

முதல் பாட்டை வாசித்துக் காட்டினேன். ‘நல்ல பாப்பா நடந்து வந்தாள்’ என்று தொடங்கும். மறுநாள் அவர் கொண்டுவந்த பாப்பா அடுப்புக்கரி நிறம். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. நான் கறுப்புப் பாப்பாவைத்தான் பாடியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அச்சேறட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் சிரிக்கவில்லை. அதுவரை புத்தகத்துப் பிள்ளைகள் எல்லாம் ரோஜா நிறத்தில்தான் இருந்தார்கள். மணவூர் ரயிலடியில் பூவம்மாள் என்று ஒரு கூலிக்காரி, தன் மகளை இழுத்து வந்து அந்தப் பக்கத்தைக் காட்டி, “பாரு, உன்னியே போட்டுகீறாங்க” என்றாள். பாட்டு யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அதன்பிறகு நாகேந்திரன் எல்லாப் பிள்ளைகளையும் கறுப்பாகவே எழுதினார். அதுவே அவருடைய பாணி என்று பேராகிவிட்டது.

போன மாசம் கங்காதரன் என்னைக் கூப்பிட்டார். “வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த புக்குக்குப் பாட்டே வாணாங்க. புள்ளைங்க படத்தத்தான் பாத்துகினு இருக்குதுங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மலைப்படியை நாளைக்கு மூன்று முறை ஏறி இறங்கினேன், சாமியைப் பார்க்காமலே.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு பாம்பு தேவைப்பட்டது. திருவாலங்காட்டுக் கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் முனியனிடம் ஒன்று பிடித்துத் தரச் சொன்னேன். பல்லைப் பிடுங்கிவிடவா என்று கேட்டான். படத்துக்கு முழுசாக இருக்கட்டும் என்றேன். காலையில் கூடையை நானே தூக்கிக்கொண்டு போய் நாகேந்திரன் முன்னால் வைத்தேன். அவர் மனைவி வரலட்சுமி எனக்கு மோர் கொடுத்தாள்.

என்ன பாம்பு என்று கேட்டார் நாகேந்திரன்.

“நல்ல பாம்பு” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கறுப்புச் சாரையை வயலில் கையாலேயே பிடித்து விளையாடி வளர்ந்தவர். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, மூடியை நகர்த்திக் கையை விட்டார். நான் மோரைக் குடித்து முடித்தேன்.

நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அது எந்தப் பாம்பு என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு அவர்மேல் பகை இல்லை. இனி அந்த மாதிரிப் படம் வராதே என்று வருத்தம்கூட உண்டு. நான் சொன்னது சரியான சொல். அவர் காதில் அது எப்படி விழுந்தது என்பது அவர் பாடு.

எனக்குத் தெலுங்கு தெரியுமா என்று கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பேச்சே அதுதான். நாகேந்திரனோடு முதல் நாளிலிருந்து நான் தெலுங்கில்தான் பேசிவந்தேன். அன்று காலை அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் தமிழில் சொன்னேன்.