சாணார்பட்டி நிழற்குடையில் கேட்ட சத்தம்

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சுமந்த இதே கையால் மாவு மில் கட்டினேன், கல்யாண மண்டபம் கட்டினேன். சாணார்பட்டியில் பஸ் நிற்கும் இடத்து நிழற்குடையும் நான் கட்டியதுதான். நேற்று அதில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அண்ணன், தங்கை, நடுவில் அவர்களுடைய அப்பா. அப்பாவின் அரைஞாண் கயிற்றில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. ஆள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டுமாம்.

"என் போன்ல சேரமாட்டேங்குது. ஏற்கனவே வேற போன்ல சேந்திருக்காம்."

"அம்மா போன்லண்ணே."

"அம்மா இத எப்ப மாட்டுச்சு?"

"ஒரு வருசமா இருக்காம், எதுத்த வீட்டு அக்கா சொன்னாங்க. அப்பா வழி மறந்து நிக்கிறத நம்மகிட்ட மூச்சு விடாம, அம்மாவே தேடிக் கூட்டியாந்திருக்கு. அது போயி பதினாறு முடிஞ்சப்புறந்தான் நமக்குத் தெரியுது."

தங்கை பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்தாள். "இதுல நீக்கிட்டா ஒன் போன்ல சேந்துக்கிரும். சத்தம் வருதான்னு மொதல்ல பாக்குறேன்."

அமுக்கினாள். பெரியவரின் இடுப்பில் கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்தது. அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்கப்பா போற?"

"ஒங்காத்தா கூப்புடுறா. செத்த நேரம் ஆனாலும் வைவா."

அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீக்கவாண்ணே?"

"வேணாம்மா. அம்மா போனையே நான் வச்சுக்கிறேன்."

இதை யார் எங்கே சொன்னாலும், அந்த மனிதர் திரும்ப உட்கார்ந்தது நான் போட்ட பெஞ்சில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.