வகுக்கச் சொன்ன மாமா

ஹலோ... ஹலோ, அக்காதான்டா பேசுறேன்... ஆமா, ஆமா, எத்தனை தடவை அடிக்கிறது? பட்டப்பகல்ல தூக்கமா? நல்லா இருடா சாமி...

சிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றேன். அவ கணக்கு டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க... எதுக்கா? என் மகளுக்கு நீ பாடம் சொல்லிக் குடுத்த லட்சணத்தைக் காட்டத்தான்...

எக்ஸ் பவர் அஞ்சை எக்ஸ் பவர் ரெண்டால வகுக்கணும். இவ அஞ்சை ரெண்டால வகுத்து, எக்ஸ் பவர் ரெண்டரைன்னு எழுதியிருக்கா. ஆறு கணக்குலயும் இதே கூத்து... என்னது, சரிதானா? எக்ஸை ரெண்டரைத் தடவை எப்படிடா பெருக்குவே?... மேல் வகுப்புல அப்படியெல்லாம் வருமா? வந்துட்டுப் போகட்டும். இந்தக் கணக்குக்கு வராது...

நான் ஒண்ணும் கத்தலை. பல் கிளினிக்ல டூட்டியில இருக்கேன், கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு பேர் என்னையே பாக்குறாங்க... உக்காருங்க சார், டாக்டர் கூப்பிடுவாரு...

ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். டீச்சர் என் கையில பென்சிலைக் குடுத்து எழுத வச்சாங்க. மேல அஞ்சு எக்ஸ், கீழ ரெண்டு எக்ஸ். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா அடி. மேல என்னடா மிஞ்சும்?... எழுதித்தான் பாரேன், கை தேஞ்சா போயிடும்?... ம்... மூணா? சத்தமாச் சொல்லு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. பவரைக் கழிக்கணும்டா, வகுக்கக் கூடாது...

என்ன, போட்டுப் பாத்துட்டுத்தான் சொன்னியா? எதை வச்சுப் பாத்தே?... நாலும் ரெண்டுமா? அடப்பாவி. நாலை ரெண்டால வகுத்தாலும் ரெண்டு, நாலுல ரெண்டைக் கழிச்சாலும் ரெண்டு. ஊர்ல வேற நம்பரே கிடைக்கலையா உனக்கு...

சரி, விடு, விடு... பிரச்சினை அது இல்ல. திங்கக்கிழமை திரும்ப எழுத விடுறாங்க. அதுலயும் போச்சுன்னா அவ ஆசைப்பட்ட அறிவியல் பிரிவு கிடையாது. இவ கழிக்கவே மாட்டேங்குறா. டீச்சர் சொல்லியாச்சு, நானும் தொண்டை வத்தக் கத்தியாச்சு. மாமாவுக்குத் தெரியாம இருக்குமா, மாமா சொல்லட்டும்னு இங்க கிளினிக் வாசல் பெஞ்சுல அடமா உக்காந்திருக்கா...

மானம் போகுதா? சின்னப் பிள்ளைகிட்ட உனக்கு என்னடா மானம்?... நான் ஏன் சொல்லணும்? சொன்னவன் நீ, மாத்திச் சொல்ல வேண்டியதும் நீதான். தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்... சாக்குச் சொல்லாதே. இரு, இந்தா அவகிட்டயே குடுக்குறேன். சிட்டு, இங்க வா, மாமா லைன்ல இருக்காரு...

ஹலோ... ஹலோ, டேய்...

இல்லடி, மாமா எங்க வச்சாரு? சிக்னல் போயிடுச்சு... ம், சொன்னாரே. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்க்கா, அவளைக் கழிக்கச் சொல்லுன்னாரு... ஆமாடி, மாமாவேதான் சொன்னாரு.