மூன்றே முக்கால் சுற்று

— கைய இழுக்காத திரிஷா. கயிறு இறுகுச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

— நான் இழுக்கல மதினி. நீங்கதான் பின்னாடி தொங்குறீக. மாட்டப் பிடிச்சுக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு.

— மாடா? நல்லாச் சொல்லுவத்தா. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, உங்க அண்ணனுக்கு டீயப் போட்டு வச்சுட்டு உங்கூட ஓட வந்தேன் பாரு, இதுவும் சொல்லுவ, இன்னமும் சொல்லுவ.

— கோவிச்சுக்காதீக. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு? அதுக ஓடணும் ஓடணும்னு துடிக்குதுக.

— துடிக்கட்டும். ஆயிரத்து ஐநூறு மீட்டரு, மூணே முக்கா சுத்து. போன வாரம் மொத சுத்த ஒன்றரை நிமிசத்துல ஓடுன. மூணாவது சுத்துல என்னாச்சு?

— நாக்கு தள்ளிருச்சு.

— அதான் சொல்றேன். பேசிக்கிட்டே ஓடு. பேச்சு திணறுச்சுன்னா வேகத்தக் கொறை. இந்தா, இடது பக்கம் சகதி. எம்பக்கம் ஒட்டி வா.

— வந்துட்டேன். அய்ய, மூக்கு எரியுது. திராட்சைக்கு மருந்து அடிக்கிறாகளா?

— அம்மாவாசி சித்தப்பு தோட்டம். அங்கன வரப்புலதான் நிக்கிறாரு.

— ஏத்தா யுவராணி! யாரு தொரத்துறான்னு ரெண்டு பேரும் இந்தப் பறப்பு பறக்குறீக?

— யாரும் தொரத்தல சித்தப்பு! நீங்க மருந்து மூஞ்சியில படாமப் பாத்துக்கங்க!

— கேட்டீகளா மதினி? பறக்குறோமாம். நீங்க என்னடான்னா மெதுவா, மெதுவா, மெதுவா.

— அவரு மொபெட்டுல இருபதத் தாண்டாத ஆளு. அவருக்கு எல்லாமே பறக்குறதுதான்.

— ஒம்பது மணிக்குள்ள கோச்சு ஜஸ்டின் சாருக்குப் பேரு சொல்லணும். ஞாயித்துக்கெழம தேனி மாவட்டப் போட்டியில எங்கூட கயித்தப் பிடிச்சு ஓடப் போறது யாருன்னு கேட்டாக.

— யாருன்னு என்ன கேள்வி? நான்தான்.

— சாருகிட்டப் பழகுற விஜயபாண்டியும் வாரேங்கிறான். நான் எம்புட்டு வேகமாப் போனாலும் அவன் தாங்குவான்.

— தாங்குவான். ஆனா உன்னைய நிறுத்த மாட்டான். மொத சுத்துலயே ஒன்னைய மொத்தமாத் தீத்துப்புடுவான்.

— அப்படியா?

— அப்படித்தான். ஏன் பேச்ச விட்டுட்ட? மூச்சு வாங்குதா?

— வாங்கல. யோசிக்கிறேன். இதுல ஜெயிச்சாத்தான் மாநிலப் போட்டி மதினி. இந்தத் தடவயும் தோத்தா அம்மா விடமாட்டாக. ஒனக்கு எதுக்கு இந்த ஓட்டம், பேசாம வீட்டோட கெடன்னுருவாக. நாலு செவுத்துக்குள்ள என்னால இருக்க முடியாது. செத்துருவேன்.

— சீ, வாயக் கழுவு. ஏன் தோக்குற? இந்தா, பாலம் வந்துருச்சு. இங்கனருந்து அடுத்த வாய்க்கா மடை நானூறு மீட்டரு. போன்ல டைமர அமுக்கு. போயி நின்னதும் எத்தன செகண்டுன்னு போனக் கேக்காம நீ சொல்லணும்.

— தெரியும், தெனமும் இதானே. அமுக்கிட்டேன்.

— தோள எறக்கு. கைய இறுக்கி மூடாத.

— டவுன் பஸ்ஸு ஆரன் அடிக்கிறான். காமயகவுண்டன்பட்டி வண்டியா?

— அதேதான். நீ பஸ்ஸ விடு, காலக் கவனி. இன்னும் கொஞ்சந்தான். அந்தா... வந்துருச்சு. நிறுத்து. எத்தன?

— நூத்தி ஆறு.

— போன் என்ன சொல்லுது?

— நூத்தி ஏழு.

— பாத்தியா! தை மாசத்துல நூறும்ப, எம்பதா இருக்கும். இப்ப ஒன் ஒடம்பே கணக்காச் சொல்லுது. இது ஒன்னு போதும்த்தா.

— இப்ப நீங்க சொல்லுங்க.

— நானா? எனக்கு எதுக்கு?

— சும்மாதான். அடுத்த மடை வரைக்கும் வேகத்த நீங்க பிடிங்க. நான் வாயத் தொறக்கல, உங்க கூட வாரேன். நூத்தி ஆறுலயே போங்க பாப்போம்.

— வெளையாட்டுப் புள்ள. சரி, அமுக்கு.

— அமுக்கியாச்சு.

— கல்லு கெடக்கு, காலத் தூக்கி வையி. ம். அப்படித்தான். நேராத்தான் இருக்கு ரோடு.

— மதினி.

— வா வா, நேர்ரோடுதான்.

— மதினி, எனக்கு மூச்சு...

— இந்தா, முடிஞ்சுபோச்சு. நில்லு. மடை.

— எத்தன... சொல்லுங்க.

— நூத்தி ஆறு. இல்ல, நூத்தி அஞ்சு இருக்கும்.

— எம்பத்தொம்போது.

— போன்ல கோளாறு.

— போன்ல ஒரு கோளாறும் இல்ல. இப்பக் கயித்த இழுத்தது யாரு?

— காத்து பின்னாடிருந்து தள்ளிருச்சுத்தா. தெரியாமப் போயிட்டேன்.

— காத்து குமுளிப் பக்கமிருந்து என் மூஞ்சியிலதான் அடிக்குது. சரி விடுங்க. போன வருசம் நாம எத்தனாவது வந்தோம்?

— இப்ப எதுக்கு அது? நாலாவது.

— ஏன் நாலாவது?

— மொத சுத்துல நீ அவசரப்பட்டுட்ட. கடேசியில காலு வரல. அன்னைக்கே சொன்னேன்ல.

— சொன்னீக. நேத்து ஜஸ்டின் சாரு அந்த முடிவ எனக்கு அனுப்புனாரு, இந்த வருச அப்ளிகேசன் பாரத்துல எழுதணும்னு. போனப் படிக்கச் சொன்னேன். நாலாவதுல எம்பேரு இல்ல. அடியில தனியாக் கெடக்கு. தகுதி நீக்கம். துணை ஓட்டக்காரர் வீராங்கனைக்கு முன்பே கோட்டைத் தாண்டினார். நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்குது அந்தப் போனு. மூணு தடவ கேட்டேன்.

— திரிஷா...

— ஏன் உக்காந்துட்டீக? கயிறு கீழ போகுது. எந்திரிங்க. எந்திரிச்சுச் சொல்லுங்க.

— நாமதான் மொதல்ல வந்தோம்.

— என்னது?

— நமக்கு முன்னாடி ஒருத்தியும் இல்லத்தா. கடேசி வளைவுல திரும்புனோம், வெள்ளக் கோடு தெரிஞ்சுச்சு. காலேஜுல ஓடுனது நான். கல்யாணத்துக்கு அப்புறம் பதினோரு வருசம் ஒரு கோட்டயும் கண்ணால பாக்கல. அதப் பாத்ததும் நீ பக்கத்துல இருக்கிறதே மறந்துபோச்சு. நெஞ்ச முன்னால தள்ளிட்டேன். ஒன்னைய விட ஒரு அடி முன்ன.

— ஒரு வருசம் மதினி. ஒரு வருசமா என்னைய நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அவசரக்குடுக்கைன்னு அம்மா சொன்னாக, அண்ணே சொன்னாக, நானும் ஆமா ஆமான்னேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?

— கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ஜஸ்டின் சாரு வரல. மைக்குல சொன்னது எரைச்சல்ல ஒனக்கு வெளங்கல. நாலாவதுன்னு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். மறுநா சொல்லலாம்னு நெனச்சேன். மறுநா அதவிடப் பயமாப் போச்சு.

— அப்ப தெனமும் இந்த வாய்க்காக் கரையில மெதுவா மெதுவான்னு என் உசுர எடுத்தது?

— ஒனக்கும் தேவதான். பொய் சொல்லல. ஆனா அது ஒனக்காக மட்டும் இல்ல. என் காலத்தான் பழக்கிக்கிட்டு இருந்தேன், ஒனக்குப் பின்னாடி நிக்கட்டும்னு. ஒரு வருசம் பழக்கியும் அடங்கலையே. நீயே பாத்தியே இப்ப.

— அழுகாதீக. யாராச்சும் பாக்கப் போறாக.

— பாக்கட்டும். நீ விஜயபாண்டி பேரையே சொல்லிரு. உங்க அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— சொல்லிட்டேன். நேத்தே.

— நேத்தேயா? ஒம்பது மணின்னு சொன்ன?

— உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அதான் இழுத்து வச்சேன்.

— நல்லது பண்ணுனத்தா. நெசமாத்தான் சொல்றேன். ரெண்டு பேருல ஒருத்தியாச்சும் ஒழுங்கா ஓடணும்ல.

— உங்க பேரையும் குடுத்துருக்கேன்.

— ஒருத்திக்கு ரெண்டு துணை விட மாட்டாகளே?

— எனக்குத் துணைக்கு இல்ல மதினி. நேத்து அந்தப் போன மொத தடவ கேட்டப்ப உங்களக் கொல்லணும்போல இருந்துச்சு. மூணாவது தடவ கேட்டப்பதான், என்னையவே மறக்குற அளவுக்கு உங்களுக்கு ஓடணும்னு இருந்துருக்குன்னு வெளங்குச்சு. ஞாயித்துக்கெழம பத்தரைக்கு, பொதுப் பிரிவு, பொம்பளைக ஆயிரத்து ஐநூறு. நீங்க தனியா ஓடுறீக.