முதலில் காது

போனா, கண்ட்ரோலரா, ஹெட்செட்டா என்று கையில் இருக்கிற பணத்தை வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் என்னைக் கேட்டால், முதலில் ஹெட்செட்டை மாற்றச் சொல்வேன், மேடம். உங்கள் வீட்டில் யாராவது கேம் ஆடினால் சொல்லிவையுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சமாளிக்கலாம். பின்னால் வருகிறவனின் காலடி கேட்காவிட்டால் செத்தோம்.

என்னிடம் இருந்தது பழைய இயர்பட். ஒரு பக்கம்தான் வேலை செய்யும். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பதினொன்றோடு பள்ளியை விட்டவள் நான். கேமிலும் பேச மாட்டேன், டைப் செய்வேன். அதனால் என் டீமில் இருக்கிற ராயபுரம் அத்னான் என்னைப் பையன் என்றே நினைத்திருந்தான். “பின்னாடியே வந்துகினு கீறான், உனுக்கு காது கீதா இல்லியா மாமு” என்று அவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா சீட்டு எடுத்தாள். நைனாவுக்குக் காது மிசின் வாங்க. கன்டெய்னர் யார்டில் இரும்புச் சத்தத்திலேயே நின்று நைனாவின் காது போய்விட்டது. காது கேட்காதவனை உள்ளே விட மாட்டேன் என்று சூப்பர்வைசர் அம்புரோஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பின்னால் ட்ரெய்லர் வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாராம். நியாயம்தான். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஆன்லைனில் ஆர்டர் போடத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பணம் என்னிடம் வந்தது.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. குறை இரண்டு பேருக்கும் காதில்தான். யாருடைய காதுக்கு வேலை அதிகம் என்று பார்த்தேன். நைனா கேட்க வேண்டியது கூட்ஸ் வண்டியும் அம்மாவின் திட்டும். இரண்டும் எப்படியும் கேட்டுவிடும்.

ஹெட்செட் எனக்கு வந்தது. இயர்பட் நைனாவுக்குப் போனது. நீங்கள் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான். நீல விளக்கு மினுக்குவதைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் எல்லோரும் மிசினுக்கு மரியாதை கொடுத்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். நைனாவுக்கு நன்றாகவே கேட்டது.

ஒரு மத்தியானம் என் போன் தானாக அந்த இயர்பட்டோடு சேர்ந்துகொண்டது. நைனா பாயில் எழுந்து உட்கார்ந்து அம்மாவைக் கேட்டார். “ஹார்பர்ல வெடி போட்றானுங்களா கன்னியம்மா? இம்மாந்தூரம் கேக்குது. மிசினுன்னா இதான் மிசினு.” என் கேமில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அதிலிருந்துதான் யோசனை வந்தது. “மிசின் கீச்சுன்னா யாரோ கூப்புட்றாங்கன்னு அர்த்தம், திரும்பு நைனா. கீச்சலன்னா பின்னாடி யாருமே இல்ல” என்று அவர் காதோரம் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். நைனா மறுபடி வேலை கேட்கப் போனபோது நானும் மணலி புதுநகர் யார்டுக்குக் கூடவே போனேன். அம்புரோஸ் நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். நான் கேட் பக்கத்தில் நின்று போனைத் தட்டினேன். நைனா திரும்பிச் சிரித்தார். அம்புரோஸ் இன்னொரு தரம் கூப்பிட்டார். நான் இன்னொரு தரம் தட்டினேன்.

“இன்னா கோதண்டம், என் காதவிட உன் காது ஷார்ப்பா கீது” என்று சொல்லி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

நைனா சந்தோஷமாகப் போய்வந்தார். மறுபடி சம்பளம் வந்தது. அதை யாரும் இப்போது பேசுவதில்லை.

ட்ரெய்லர் பின்னால் வந்தபோது ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாக டிரைவர் ஜெபசிங் அழுதார். “அசையவே இல்லீங்க. தெம்பா நின்னுகினு இருந்தாரு.” அவர் மேல் தப்பு இல்லை, மேடம், விட்டுவிடுங்கள். மிசின் கீச்சவில்லை, அதனால் நைனா திரும்பவில்லை. சொன்னதைக் கேட்கிற மனுஷன்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவனின் காலடி தெளிவாகக் கேட்டது. திரும்பிச் சுட்டேன். “காது வந்துச்சு மாமு உனுக்கு” என்றான் அத்னான்.

பணத்தை எடுத்தது நான். மிசின் என்று சொன்னது நான். போனைத் தட்டியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் பக்கத்தில் நின்றவரை அந்த மிசின் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. புளூடூத் ஒரு கேட் தூரத்துக்குத்தான் எட்டும். அதற்கு மேல் உள்ளே போகச் சொன்னது அம்புரோஸ்தானே, மேடம்.