எட்டாம் நம்பர் மெஷின்

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்கால். கல்முனைப் பெரிய ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை...

சிரிக்காதீர்கள். பேய் நடுச்சாமத்தில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேளுங்கள். விடிந்தால் கலியாணம், புரியாணிச் சட்டி அடுப்பில் ஏற இன்னும் நேரம் கிடக்கிறது. அந்த நெருப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி விடுங்கள். நடுவில் கண் கலங்கினால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஜும்ஆ நேரத்தில் நம்முடைய ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடையெல்லாம் ஷட்டர் இறங்கி, ஆட்டோக்காரன்கூடப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவான். பள்ளி ஸ்பீக்கரில் குத்பாப் பிரசங்கம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் பூட்டிய கடைக்குள் இருந்தான். றமீஸ். என் கூட்டாளி ஸலாஹுதீனின் தங்கை றாஹிலாவைக் கட்டியவன். யுத்தம் முடிந்த வருஷம் அவனுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

றமீஸ் வைத்திருந்தது நெற் கபே, இன்டர்நெட் பார்க்கிற கடை. மறைப்புத் துணி கட்டிய ஏழு கம்பியூட்டர் மெஷின், முன்னால் கவுண்டரில் அவனுடையது ஒன்று. ஏழு மெஷினும் கவுண்டர் மெஷினுக்குள்ளால்தான் வெளியுலகத்துக்குப் போகும். மெஷின்களுக்கு நம்பர் ஒட்டியிருப்பான். ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் வந்து, ஏழையும் ஒட்டி... அதோடு நிறுத்திவிடுவான். எட்டாவது மெஷின் வாங்கச் சொன்னால் வாங்க மாட்டான். வாங்கினால் ஒன்பது என்று ஒட்டுவேன் என்பான்.

எட்டு அவனுடைய தம்பி மக்கீனின் இடம்.

பழைய கடை கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் ராமுழுக்க மெஷின் கழற்றிப் பூட்டி றமீஸுக்கு அலுப்பு. விடிய எழும்பப் பார்த்தவனைத் தம்பிதான் தோளைப் பிடித்து அமத்தினான். "காக்கா, நீங்க படுங்க. கடைய நான் திறக்கிறன்." றமீஸ் படுத்தான். எழும்பியபோது ஊரில் கடல் நின்றது.

அடக்கம் செய்யத் தம்பியின் மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. கடையில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து றமீஸ் சரியாகத் தூங்கியதே இல்லை. பாயில் கிடப்பான், கண் மூடாது. பகலில் நின்ற நிலையில் கண் சொருகும். வந்தவனிடம் பாதி கதைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிடும். அப்படி ஒரு களைப்பு, பார்க்கிற நமக்கே கொட்டாவி வரும்.

அந்த வருஷம் இன்டர்நெட் லைன் நத்தை மாதிரி ஊர்ந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏச்சு. றாஹிலாவின் தங்கை முஸ்பிறா கம்பியூட்டர் படித்தவள். ஒரு சீடியோடு வந்தாள். கடைக்குள் போகிற வருகிற எல்லாவற்றையும் பிடித்துக் காட்டுகிற புரோகிராம். எந்த மெஷின் லைனைத் தின்கிறது என்று அதில் தெரியும்.

"மச்சான், இது வலை மாதிரி. நீங்க தேடுற மீன் மட்டும் படாது, ஆக்கள்ர ரகசியமும் சேந்து படும்" என்றாள். "முழு அதிகாரம் உள்ள கணக்கில இத ஓட விடாதீங்க. வெளியால இருந்து கெட்டது ஒண்டு இதுக்குள்ளால பூந்தா அந்த அதிகாரத்தோட மெஷினையே பிடிச்சிரும். மறுகா, கடிதத்துக்கு மேல இரிக்கிற விலாசம் மட்டும் பிடிச்சாப் போதும், உள்ளுக்குப் பிரிக்க வேணாம். வேல முடிஞ்சா நிப்பாட்டிப் போட்டு, பிடிச்சத அழிச்சிருங்க. விளங்கிச்சா?"

"ஓம் புள்ள, ஓம்" என்றான் றமீஸ், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

அவள் போனாள். அவன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தான். வேறு கணக்குத் திறக்க யாருக்குத் தெம்பு? முழு அதிகாரத்திலேயே ஓட விட்டான். விலாசம், உள்ளடக்கம் என்று பிரிக்க யாருக்குப் பொறுமை? எல்லாம் பிடிபடட்டும் என்று விட்டான். அன்றைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றாம் மெஷினில் வைரஸ். துடைத்தான், லைன் ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. பாங்கு சொன்னால் எழும்பிப் பாதி ஷட்டரை இழுத்துவிட்டுத் தொழப் போவான், வருவான், இருப்பான்... அது தன் பாட்டில் பிடித்துக்கொண்டே கிடந்தது.

அதோடு விட்டானா? வியாழன் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் வாயைத் திறந்தான். நம்முடைய ஊர் தேத்தண்ணிக் கடையில் பேசினால் ஸ்பீக்கரில் பேசின மாதிரி, அது தெரிந்தும் பேசினான். "இப்ப ஏழு மெஷின்லயும் ஆரு என்ன எழுதினாலும் எனக்கிட்ட இரிக்கி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மூலை வாங்குப் பலகையில் ஊருக்குப் புதிய ஆள் ஒருவன் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. குடித்த கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

றமீஸ் ஏழு மெஷினையும் சுவர் ஸ்விட்சிலேயே நிறுத்தினான். ஷட்டரை உள்பக்கமாக இறக்கினான். கை கால் முகம் கழுவி வுழூ செய்துவிட்டுப் பின்கதவால் போவது வழக்கம். செருப்பைப் போடக் கதிரையில் குந்தினான். அவ்வளவுதான், கண் சொருகிவிட்டது.

டக்... டக் டக்... கிறீச்.

கண்ணைத் திறந்தான். யாரோ கீபோர்டு தட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தான். ஏழு திரையும் கறுப்பு.

டக் டக்... கிறீச்... டக்.

இடைவெளிக் கட்டை அமுக்கும்போது மட்டும் ஒரு கிறீச். அந்தச் சத்தத்தை றமீஸ் அறிவான். பழைய கடையின் எட்டாம் மெஷினில் அந்தக் கட்டை அப்படித்தான் கத்தும். மக்கீன் எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.

மணம் வந்தது. கடல் மணம் இல்லை. சுனாமிச் சேற்றின் மணம்... டீசலும் அழுகிய கடற்சாதாளையும் கலந்து, மாதக்கணக்கில் நம்முடைய கிணறுகளில் கிடந்ததே, அது. கவுண்டர் திரையில் புரோகிராம் வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது. ஏழு மெஷினும் செத்துக் கிடக்க, எவன் அனுப்புகிறான்? விலாசத்தைப் பார்த்தான். விலாசத்தின் கடைசி எண்தான் மெஷினின் நம்பர், அது எட்டு.

ஒரு வரியை அமத்தினான். உள்ளே இருந்தது திறந்துகொண்டது. இங்கிலீசு எழுத்தில் அடித்த தமிழ்.

"அக்கா, தினுஜன் உசிரோட வந்திட்டான். தங்கரத்தினம் மாமி வீட்டுப் பின்னறையில வெச்சிரிக்கன். ஆருக்கும் மூச்சு விடாதீங்க..."

யார் எழுதியது என்று றமீஸுக்குத் தெரிந்துவிட்டது. பாண்டிருப்புக் கனகேஸ்வரி அக்கா. ஐந்தாம் மெஷினில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, சுவிஸில் இருக்கிற அக்காவுக்கு எழுதுகிறவள். மகன் தினுஜன் வன்னியில் மாட்டிக்கொண்டான், இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இரண்டு வருஷம் அழுதவள். "தம்பி, உங்கட கடையிலதான் ஆரும் எட்டிப் பாக்கிற இல்ல" என்று போன கிழமைதான் சொல்லிப் போனாள். அவள் புதன்கிழமை எழுதிய கடிதம் முழுக்க இவனுடைய மெஷினில் பிடிபட்டுக் கிடக்கிறது. வீட்டுப் பெயர் உட்பட. அந்த நாட்களில் வன்னியில் இருந்து வந்த பொடியன்மாரைத் தேடித் தேடி ஏற்றிக்கொண்டு போன வாகனங்களை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏறினவன் எவன் திரும்பி வந்தான்?

அடுத்த வரியைத் திறந்தான். திரும்பவும் அதே கடிதம். அதற்கடுத்ததும் அதே. பிறகு ஒன்று மட்டும் சின்னதாக.

"காக்கா அழிங்க."

மௌஸைப் பிடித்தான். அழிக்கத்தான் போனான். சத்தியமாக அழிக்கத்தான் போனான். அதற்குள் ஜும்ஆ கலைந்து, ஷட்டரைப் படபடவென்று தட்டினார்கள். "றமீஸ் காக்கா! பரீட்சை றிசல்ட் வந்திட்டாம், திறங்க!" திறந்தான். கடை நிரம்பியது. ஒருவனுக்கு பிரிண்ட், ஒருத்திக்கு பாஸ்வேர்ட் மறதி... மணமும் போய்விட்டது, சத்தமும் போய்விட்டது. கண்ட கனவு என்று மனசு சொன்னது. கடையைப் பூட்டும்போது கால் இரண்டும் தன்னுடையதா என்று தெரியாத அலுப்பு. சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய் விழுந்தான்.

சுபஹ் பாங்கோடு நெஞ்சில் உதைத்த மாதிரி எழும்பினான். அழிக்கவில்லை!

"எங்க போறீங்க?" என்று றாஹிலா கேட்டபோது அவன் வாசலைத் தாண்டிவிட்டான். சைக்கிளை மிதித்தான். விடியாத ரோடு, பேக்கரி வாசலில் மட்டும் வெளிச்சம். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று ஒவ்வொரு மிதிக்கும் வாய் முணுமுணுத்தது. சந்தி திரும்பினான்.

கடை வாசலில் ஒரு வான் நின்றது. நம்பர் தகடு இல்லை.

ஷட்டர் திறந்திருந்தது.

சைக்கிள் தானாகச் சாய்ந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவன் கவுண்டர் மெஷினுக்கு முன்னால். மற்றவனின் முகம் றமீஸுக்குத் தெரிந்தது. தேத்தண்ணிக் கடையின் மூலை வாங்கில் இருந்தவன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். கனகேஸ்வரியின் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று நினைத்தான். அந்தப் பொடியனை நான்தான் காட்டிக் கொடுத்தேன், என் அலுப்புத்தான் காட்டிக் கொடுத்தது என்று நினைத்தான்.

மெஷினுக்கு முன்னால் இருந்தவன் எழும்பினான். "ஒண்டும் இல்ல" என்றான் மற்றவனிடம். "துடைச்ச மாதிரி இரிக்கி. வெறும் விலாசம் மட்டுந்தான் பிடிச்சிரிக்கி."

புதிய ஆள் றமீஸை மேலும் கீழும் பார்த்தான். "வாய் பெரிசு உனக்கு" என்றான். வானில் ஏறும்போது திரும்பினான்.

"உன்ட தம்பி நல்ல பொடியன். நாங்க தட்ட முந்தியே திறந்து தந்தான். ஆனா ஆள் தெப்பமா நனைஞ்சி நிக்கிறான். உடுப்ப மாத்தச் சொல்லு, காய்ச்சல் வரும்."

வான் போய்விட்டது. றமீஸ் மடியைத் தடவினான். சாவி அங்கேதான் இருந்தது.

கடைக்குள் போனான். யாரும் இல்லை. கதிரை ஈரம். திரையில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, முஸ்பிறா சொன்னபடி அதிகாரம் இல்லாத கணக்கில், விலாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு. பழைய பைல் ஒன்றுகூட இல்லை. கனகேஸ்வரியின் கடிதம் இருந்த இடமே இல்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? ஓடவில்லை. ஓதவில்லை. கதிரையின் ஈரத்தைக் கையால் ஒரு தடவை தடவினான். "சரி தம்பி" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக, அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான்.

கடையை மூடாமல்.

பின்நேரம் அஸருக்கு முஸ்பிறா வந்து எழுப்பினாள். நிந்தவூரில் இருந்து வந்தவள், கடைக்குள் போய்விட்டுத்தான் வருகிறாள். அக்காவின் கலியாணமே சுனாமிக்குப் பிறகுதான், மக்கீனை அவள் கண்டதில்லை.

"மச்சான், கவுண்டருக்கு ஆரு புதுப் பொடியன்? கடை நிரம்பச் சனம், அவன் ஒருத்தனே சமாளிக்கிறான். காக்கா படுக்கட்டும், எழுப்பாதீங்க எண்டான்."

றமீஸ் பாயில் எழும்பிக் குந்தினான்.

"எல்லாம் சரி" என்றாள் அவள், செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டே. "ஆனா அவன்ட கதிரையச் சுத்தி எங்கால மச்சான் இவ்வளவு கடல் மண்?"